அனகாபுத்தூரில் ஏறி அடையாறில் இறங்கும் வரை

மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்கள் அனகாபுத்தூர்க்காரர்களின் பேச்சை நாளுக்குப் பல முறை பாதியில் நிறுத்திவைக்கும். ஓடுபாதை அவ்வளவு பக்கம். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த இந்த ஊரைச் சுற்றிப் பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லூரியோ பல்கலைக்கழகமோ கண்ணில் படும். அவற்றில் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வான வைவாவுக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் இந்தத் தெருக்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களிடம் வீட்டாரும் கைடும் சக மாணவர்களும் கேட்பது ஒன்றுதான்: அடுத்து போஸ்ட்டாக் எங்கே? முனைவர் பட்டத்துக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவே இன்னொரு ஆய்வகத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் செய்யும் ஆய்வுக்குத்தான் அந்தப் பெயர். பதில் சொல்லும் கை பெரும்பாலும் மேலே போகும் விமானத்தையே காட்டும்: ஜெர்மனி, தென்கொரியா, தைவான், அமெரிக்கா. அந்தக் கேள்வியோடு அனகாபுத்தூரில் பேருந்து ஏறி, பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பள்ளிக்கரணை, தரமணி வழியாக அடையாறில் போய் இறங்குகிற பயணம் இது. மொத்தம் 35 கிலோமீட்டர் இருக்கலாம். இந்த வழியை நிறுத்தம் நிறுத்தமாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று தெளிவாகிறது. போஸ்ட்டாக் இடத்தைக் காலிப் பணியிடமாக எண்ணித் தேடுகிறவர்கள் அலைந்து ஓய்கிறார்கள். ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு தேடுகிறவர்களுக்கு இடம் உண்டாகிறது.

அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். ஒரு காலத்தில் இங்கே நெய்த கட்டம் போட்ட ‘மெட்ராஸ் கைக்குட்டை’த் துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது, நைஜீரியாவில் அதை நல்லதுக்கும் கெட்டதுக்கும் உடுத்தினார்கள். அந்தச் சந்தை கைவிட்டுப் போனபின் தறிகள் குறைந்தன. மிஞ்சியவர்களில் சிலர் வாழைநார், சணல் என்று தாவர நார்களை நெய்யத் தொடங்கினார்கள். வாழைநார் நெசவைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வாழைப்பட்டையை உரித்துச் சதையை வழித்தெடுத்தால் மினுமினுப்பான நார் மிஞ்சும். ஆனால் அது பட்டையின் நீளத்துக்கு மேல் வராது. பருத்தி நூலைப்போல இழுக்க இழுக்க நீளாது. ஒன்றின் நுனியை அடுத்ததன் நுனியோடு முடிந்து முடிந்துதான் நீட்ட வேண்டும். முடிச்சு தடித்தால் நெய்யும்போது சிக்கும், துணியிலும் தெரியும். நார் நன்றாகக் காய்ந்துவிட்டால் முறியும்; ஈரம் காத்துக்கொண்டே நெய்ய வேண்டும். அதனால்தான் பாவுக்குப் பருத்தி நூலையோ பட்டு நூலையோ வைத்துக்கொண்டு, ஊடைக்கு மட்டும் நாரைக் கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. நாரில் செல்லுலோஸோடு லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இந்த விறைப்புக்குக் காரணம். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் அவை கரைந்து நார் மென்மையாகும். அளவு தப்பினால் நாரின் வலுவே போய்விடும். எவ்வளவு செறிவு, எத்தனை மணி நேரம், கழுவிய காரநீரை எங்கே விடுவது? ஒரு தறிக்குழிக்குள் இத்தனை ஆய்வுக் கேள்விகள் உட்கார்ந்திருக்கின்றன. வாழைநாரைப் பிசினில் பதித்து இழுவிசைச் சோதனை செய்த கட்டுரைகள் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து ஏராளமாக வந்திருக்கின்றன. அந்த இயந்திரத்தில் நாரை மாட்டியவர்களில் எத்தனை பேர் தறியில் அது முறிவதைப் பார்த்திருப்பார்கள் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஆய்விடம் எப்படி உண்டாகிறது என்பதைத் திட்டங்களின் விதிமுறையிலேயே காணலாம். நம் நாட்டில் பலரும் விண்ணப்பிக்கும் தேசிய போஸ்ட் டாக்டோரல் ஃபெல்லோஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் தொடங்கிய திட்டம் அது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் அந்த வாரியமே இப்போது கரைந்துவிட்டது. தொடக்கத்தில் மாதம் 55,000 ரூபாயும், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சமும் என இரண்டு ஆண்டுகளுக்கு அறிவித்தார்கள். வைவா முடியாமல் ஆய்வேட்டை மட்டும் கொடுத்தவர்களுக்கும் 35,000 ரூபாயில் இடம் வைத்தார்கள். இந்த விண்ணப்பத்தில் ‘எந்தப் பணியிடம்’ என்று கேட்கும் கட்டம் எதுவும் கிடையாது. எந்த நிறுவனத்தில், எந்த வழிகாட்டியிடம், என்ன ஆய்வு என்பதை விண்ணப்பிப்பவர்தான் எழுதித் தர வேண்டும். வழிகாட்டி சம்மதம் தந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்பிலும் ஆய்வாளரும் அவரை ஏற்கும் நிறுவனமும் சேர்ந்தே திட்டம் எழுதுகிறார்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை ஏற்கும் பேராசிரியரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். திட்டத்திலோ அங்குள்ள பேராசிரியரே நமக்காக விண்ணப்பிக்கிறார். எல்லா இடங்களிலும் ஏற்பாடு ஒன்றேதான்: கேள்வியும் ஆளும் முதலில் சேர வேண்டும், பணம் பின்னால் வரும். செய்தித்தாளில் விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த வாசல்கள் கண்ணிலேயே படுவதில்லை.

பேருந்து பம்மலைத் தாண்டி நாகல்கேணி ஓரமாகப் போகும்போது தோல் பதனிடும் வாடை வரும். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் லெதர் தொழிற்சாலையால்தான். குரோமியம் உப்பில் பதனிட்டால் வேலை மணிக்கணக்கில் முடிகிறது. மரப்பட்டையில் ஊறவைத்து வாரக்கணக்கில் காத்திருந்த பழைய முறையை அது ஓரம் தள்ளியது. ஆனால் தோல் உறிஞ்சாத குரோமியம் கழிவுநீரில் போகும். பல்லாவரம் வட்டாரத் தோல் ஆலைகளுக்கென்று பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியதும் அதனால்தான். இந்தத் தொழிலை நம்பித்தான் 1948-இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. தொழில் இருந்த இடத்தில் கேள்வி இருந்தது. கேள்வி இருந்ததால் ஆய்வகம் வந்தது. ஆய்வகம் வந்ததால் ஆய்வாளருக்கு இடம் வந்தது. பணியிடம் என்பது இந்த வரிசையில் கடைசியில் வருவது. அந்த நிலையத்தில் உருவான, பதனிடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத குரோம் முறை நாகல்கேணி மண்ணின் துன்பத்துக்கு நேரான ஒரு பதில்.

பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைத் தொட்டதும் குன்றுகள் தெரியும். 1863 மே 30 அன்று இங்கே ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லை எடுத்தார். அது பழங்கற்கால மனிதன் செதுக்கிய கருவி; இந்தியாவில் அப்படி அடையாளம் காணப்பட்ட முதல் கல். அந்தச் சரளையை அள்ளியவர்கள், அதன்மேல் நடந்தவர்கள் ஏராளம். ஃபூட்டுக்கு மட்டும் அது தென்பட்டதற்குக் காரணம் உண்டு. பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மனிதனுடையவைதான் என்று பிரெஸ்ட்விச்சும் ஈவான்ஸும் 1859-இல் எடுத்துரைத்ததை அவர் அறிந்திருந்தார். இந்திய மண்ணிலும் அப்படி இருக்குமா என்ற கேள்வியோடு நடந்தார். நான்கு மாதம் கழித்து அதிரம்பாக்கத்தில் இன்னும் பெரிய குவியல் கிடைத்தது. கதை அங்கே முடியவில்லை. 2011-இல் சாந்தி பப்புவின் குழு அதிரம்பாக்கத்துக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதியபோது, காலக் கணிப்புக்கு வேண்டிய அணு அளவீடுகளில் பிரான்சின் ஆய்வாளர்கள் கைகோத்திருந்தார்கள். கேள்வி திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது, கருவி பிரான்சில் இருந்தது. வெளிநாடு போவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. எந்தக் கருவியைக் கற்க, எந்த அளவீட்டைச் செய்யப் போகிறோம் என்று தெரிந்து போகிறவருக்குக் கடல் கடப்பது ஆய்வின் ஒரு படி. தெரியாமல் போகிறவருக்கு அது வெறும் ஊர்மாற்றம்.

போஸ்ட்டாக் என்பதற்கே எழும் முதல் மறுப்பு குரோம்பேட்டையிலேயே கேட்கும். இங்குள்ள எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியை 1949-இல் தொடங்க சி. ராஜம் தம் வீட்டையே விற்றார். அவர் கனவு நாட்டுக்குப் பொறியாளர்களை உருவாக்குவது. பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் நேராக ஒரு நிறுவனத்திலோ கல்லூரியிலோ சேர்ந்தால் போதாதா, இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் தற்காலிகமாக எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கற்பிப்பதையே விரும்புகிறவருக்கும், தொழிற்சாலையில் வடிவமைப்பு வேலை செய்ய ஆசைப்படுகிறவருக்கும் போஸ்ட்டாக் வேண்டியதில்லை என்றே சொல்வேன். அதை ஒரு சடங்காகச் செய்ய வேண்டாம். ஆனால் சொந்தமாக ஓர் ஆய்வகம் நடத்த நினைப்பவருக்கு ஒரே கைடின் கீழ் கற்றது போதாது. கைடின் கேள்வியிலிருந்து பிரிந்து தன் கேள்வியைக் கண்டுகொள்ள ஓர் இடைக்காலம் வேண்டும். அந்த இடைக்காலம்தான் போஸ்ட்டாக். ஆகவேதான் இதற்கு முதலிலேயே எல்லை கட்டிக்கொள்ள வேண்டும். பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, போஸ்ட்டாக் செய்து முடித்தவர்கள் அதிகம் என்பது உலகெங்கும் உள்ள நிலை. ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று ஆறேழு ஆண்டு ஓடவிட்டால் வயது வரம்பு வந்து மறிக்கும். புதிதாக ஒரு நுட்பத்தைக் கற்றுத் தராத இரண்டாவது போஸ்ட்டாக்கை ஏற்காமல் இருப்பதே நல்லது.

தாம்பரம் ரயில் நிலையத்தில் செங்கல்பட்டிலிருந்து வந்தவர்களும் கடற்கரை வண்டிக்கு ஓடுகிறவர்களும் மோதிக்கொள்ளும் மேம்பாலத்தில் நின்றால் இரண்டாவது மறுப்பின் முகம் தெரியும். வாடகை, தங்கையின் கல்யாணம், கல்விக் கடன் தவணை: இவற்றைச் சுமக்கும் வீடுகளில் 29 வயதுப் பிள்ளை இன்னும் ஃபெல்லோஷிப்பில் இருக்கிறான் என்பது எளிதாகச் சொல்லக்கூடியதல்ல. பெண்ணாக இருந்தால் கேள்விகள் இரட்டிப்பு. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகி, ஆய்வு மாணவர்கள் குரல் எழுப்பியதும் பல முறை நடந்திருக்கிறது. ‘கேள்வியைப் பின்தொடர்’ என்று சொல்வது வயிறு நிறைந்தவர் பேச்சு என்கிறார்கள். இந்த மறுப்பை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அதனால்தான் பணத்தின் கணக்கைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது கேள்வியைப் போலவே முக்கியம். 2023 ஜனவரி முதல் மத்திய அரசுத் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட்டுக்கு மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய் என்று மூன்று படிகள். வீட்டு வாடகைப்படி தனி. முனைவர் பட்டம் முடித்தவரை ஆய்வுத் திட்டத்தில் இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். தொகையான 37,000-க்கு அமர்த்த முயல்வோரிடம் இந்த எண்களைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இன்ஸ்பயர் ஃபேக்கல்டி திட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு மாதம் 1,25,000 ரூபாய் தருகிறது, ஆனால் பொதுப் பிரிவில் வயது 32-ஐத் தாண்டக் கூடாது. தேசிய ஃபெல்லோஷிப்பின் வரம்பு 35. பெண்களுக்கும் பட்டியலினத்தாருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து ஆண்டுத் தளர்வு. இடையில் குடும்பத்துக்காக ஆய்வை விட்ட பெண்கள் திரும்பி வரவே ‘வைஸ்’ திட்டங்கள் இருக்கின்றன. இவற்றைக் கைடு சொல்லிக்கொடுப்பார் என்று காத்திருந்து, வயது வரம்பு போன பிறகு தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பதே வருத்தம்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலையில் போனால் மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணை. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலத்தின் அருகில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் இருக்கின்றன. முதலாவது 1993-இல் தொடங்கியது. 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை இறக்க ‘மத்ஸ்யா 6000’ கலத்தை உருவாக்கிவருவது இங்கேதான். அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 600 கிலோவுக்கு மேல் எடை அழுத்தும். அதைத் தாங்கும் டைட்டானியக் கோளத்தின் பற்றவைப்பு, உள்ளே காற்று, ஒலி அலையில் செய்தித் தொடர்பு என்று இயந்திரவியல், உலோகவியல், மின்னணுவியல் படித்தவர்களுக்குக் கேள்விகள் கொட்டிக்கிடக்கின்றன. இத்தகைய நிறுவனங்கள் திட்ட விஞ்ஞானி, ரிசர்ச் அசோசியேட் என்று உண்மையாகவே விளம்பரம் செய்வதும் உண்டு. அப்படியானால் காலியிடம் தேடுவது சரிதானே என்று கேட்கலாம். விளம்பரம் வந்தால் போட வேண்டியதுதான், தடையில்லை. ஆனால் திட்டப் பணியில் கேள்வி ஏற்கெனவே வேறொருவர் எழுதியது. திட்டம் முடிந்தால் பணியும் முடியும். சொந்த ஃபெல்லோஷிப்பில் கேள்வி உங்களுடையது, பணமும் உங்கள் பெயரில். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். நேர்முகத்தேர்விலும், வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையை அடுக்குகிறவரைவிட, அந்தக் கோளத்தின் பற்றவைப்பில் தாம் எதை அளந்து பார்ப்பார் என்று சொல்லத் தெரிந்தவரே மனதில் நிற்பார்.

தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் முன்னால் இறங்கினால், இந்த ஊரிலேயே நடந்த பழைய சம்பவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1913 ஜனவரி 16 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவு எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார். பட்டம் இல்லை, பதவி இல்லை. தன்னைப் பற்றிச் சில வரிகள். மீதிப் பக்கங்கள் முழுக்கத் தேற்றங்கள். அதற்கு முன்பே பேக்கர், ஹாப்சன் என்ற இரு கணித அறிஞர்களுக்கு எழுதி ஏமாந்திருந்தார். மூன்றாவதாக எழுதியது கணித அறிஞர் ஹார்டிக்கு; அவர்தான் அந்தப் பக்கங்களை உட்கார்ந்து படித்தார். அடுத்த மாதமே வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அந்தக் கணக்குகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் பரிந்துரைத்தார். முதுகலைப் பட்டம் கேட்கும் விதியை ஒதுக்கிவைத்து, மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகையை இரண்டு ஆண்டுக்கு மே மாதம் முதல் பல்கலைக்கழகம் வழங்கியது. 1914 மார்ச் 17-இல் ராமானுஜன் கப்பல் ஏறினார். அவர் மேதை, சாதாரண மாணவருக்கு அவரை எப்படி உதாரணம் காட்டலாம் என்பார்கள். மேதைக்கே இரண்டு கதவுகள் திறக்கவில்லை என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன். மூன்றாவது கதவைத் திறந்தது தேற்றங்கள் நிறைந்த பக்கங்கள். வேலை கேட்கும் வாசகங்கள் அங்கே சொற்பம். அவருக்காகக் காலியிடம் எதுவும் காத்திருக்கவில்லை. கேள்வியைப் பார்த்தபின் இடம் உண்டாக்கப்பட்டது. இந்த நிறுவனமே அப்படி வந்ததுதான்: அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டில் நடத்திய கருத்தரங்கைப் பார்க்க 1960-இல் நீல்ஸ் போர் வந்தார், 1962 ஜனவரி 3 அன்று நிறுவனம் பிறந்தது.

இருந்தாலும் மூன்றாவது மறுப்பு கூர்மையானது. வாக்கர் ஒருவர் பார்க்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? இன்றும் ஐ.ஐ.டி. கைடின் மாணவர் கடிதம் ஒரு விதமாகவும், பல்லாவரத்துத் தனியார் கல்லூரி மாணவர் கடிதம் வேறு விதமாகவும் படிக்கப்படுகிறதே. உண்மை. பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவரின் பெயர் எடை போடப்படுகிறது; அந்த எடையில் சாதியும் ஊரும் ஆங்கிலமும் கலந்திருப்பதை மறைத்துப் பேசக் கூடாது. தேர்வுக் குழுக்கள் மாற வேண்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சைஃப் என்ற உயர்நிலைக் கருவி மையம் வெளிக் கல்லூரிகளின் மாதிரிகளையும் கட்டணத்துக்கு அளந்து தருகிறது. கல்பாக்கம் அருகே யு.ஜி.சி.-டி.ஏ.இ. கூட்டமைப்பின் மையம் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காகவே இருக்கிறது. மாதிரியைக் கூரியரில் அனுப்பிவிட்டுக் கோப்பாக முடிவைப் பெறுவது எளிது. ஆனால் அளவிடும் நாளில் அங்கே போய்க் கருவியின் பக்கத்தில் நிற்க அனுமதி கேட்பதுதான் மேல். அளவீடு ஏன் அப்படி வந்தது என்று கேட்கும் மாணவரைக் கருவி இயக்குபவர் நினைவில் வைத்துக்கொள்வார், அவர் வழியாகப் பேராசிரியரும் அறிவார். கைடைத் தவிர இன்னொருவர் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது சாட்சியை ஆய்வேடு கொடுக்கும் முன்பே சம்பாதித்துவிட வேண்டும்.

வெளிநாடு என்ற கனவுக்கும் ஒரு தமிழர் கதை துணைக்கு வருகிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியபின், மனம் உயிரியலில் இருப்பதை உணர்ந்து மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். நியூட்ரான் சிதறலைக் கொண்டு ரைபோசோமின் அமைப்பைத் தேடும் ஆய்வைப் பற்றி ஓர் அறிவியல் இதழில் படித்ததுதான் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரின் ஆய்வகத்துக்கு அவரைக் கொண்டுசென்றது. அங்கே அவர் நான்கு ஆண்டு போஸ்ட்டாக். அதன்பின் ஏறத்தாழ 50 பல்கலைக்கழகங்களுக்கு ஆசிரியப் பணிக்கு எழுதியும் ஒரு வேலைகூடக் கிடைக்கவில்லை. அதே ரைபோசோம் கேள்விக்கு 2009-இல் நோபல் வந்தது. பணியிடங்கள் அவரைக் கைவிட்டன, கேள்வி கைவிடவில்லை. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் புதிய போஸ்ட்டாக்குக்கு 2024-இல் நிர்ணயித்த தொகை ஆண்டுக்கு 61,008 டாலர். ரூபாயில் பெருக்கினால் பெரிதாகத் தெரியும். அங்குள்ள வாடகையைக் கழித்துப் பார்க்க வேண்டும். விசா விதிகளோ ஓர் அறிவிப்பில் மாறக்கூடியவை: 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தார்கள். ஒரே நாட்டை மட்டும் நம்பித் தயாராவது ஆபத்து. மேரி கியூரியில் ஏற்கும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது. முனைவர் பட்டத்துக்குப் பிறகான ஆய்வு அனுபவம் 8 ஆண்டைத் தாண்டக் கூடாது. இந்த விதி அனகாபுத்தூரிலிருந்து நேராகப் போகிறவருக்கு முழுக்கச் சாதகமானது.

கடைசியில் எல்லாம் ஒரு கடிதத்தில் வந்து நிற்கிறது. ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வகத்தில் போஸ்ட்டாக் இடம் காலியாக உள்ளதா’ என்று நூறு பேருக்கு ஒரே இரவில் போகும் மின்னஞ்சலைப் பேராசிரியர்கள் இரண்டாவது வரியில் மூடிவிடுவார்கள். திறக்கப்படும் கடிதம் வேறு மாதிரி இருக்கும். முதல் வரியில், உங்கள் இன்ன கட்டுரையில் இன்ன அளவீடு இன்ன இடத்தில் நின்றுவிடுகிறது. அடுத்த வரியில், என் ஆய்வேட்டில் இதற்கு நெருக்கமான ஒன்றை இப்படி அளந்தேன். மூன்றாவதில், இரண்டையும் சேர்த்தால் இதைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்கிறேன். நான்காவதில், இன்ன ஃபெல்லோஷிப்புக்கு இன்ன மாதம் கடைசித் தேதி, அதற்குத் தங்கள் சம்மதம் வேண்டும். கூடவே இரண்டு பக்கத்தில் தன்விவரமும், ஆகச் சிறந்த ஒரே ஒரு கட்டுரையும். இப்படி ஒரு கடிதம் எழுத ஒரு வாரம் பிடிக்கும். அந்தப் பேராசிரியரின் நான்கைந்து கட்டுரைகளையாவது படித்தாக வேண்டும். நூறு எழுத முடியாது, பத்து எழுதலாம். பத்தில் ஏழுக்குப் பதில் வராமல் போனாலும் அந்தப் படிப்பு வீணாவதில்லை. ஆய்வேடு கொடுப்பதற்கு ஓராண்டு முன்பே தொடங்கினால் வைவா தேதி தள்ளிப்போகும் மாதங்களையும் தாங்கிக்கொள்ளலாம். கைடிடம் பரிந்துரை கேட்கும்போது, எந்தச் சோதனையைப் பற்றி எழுத வேண்டும் என்று குறிப்புக் கொடுத்துக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அவருக்கும் அது உதவி.

அடையாறில் இறங்கினால் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசல். பயணம் தொடங்கிய அனகாபுத்தூரைத் தொட்டு ஓடும் அடையாறு, சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் தாண்டி, இந்தப் பேட்டைக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டுக் கடலில் கலக்கிறது. இந்த நிலையத்துக்காரர்கள் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புக்கும் சல்ஃபைடுக்கும் பதில் என்சைம்களைப் பயன்படுத்தும் வழிகளில் நெடுங்காலம் உழைத்தவர்கள். நாரின் வலு கெடாமல் வேண்டாததை மட்டும் கரைப்பது எப்படி என்ற வேலைதான் அது. அங்கே நார் கொலாஜன், வேண்டாதது மயிர். வாழைநாரில் நார் செல்லுலோஸ், வேண்டாதது பெக்டினும் ஹெமிசெல்லுலோஸும். என்சைம் வேறாகும், சிந்தனை வேறாகாது. பல்லாவரத்து ஆய்வகம் ஒன்றில் வாழைநாரை இழுவிசை இயந்திரத்தில் மாட்டி முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர், தறியில் நார் முறிவதை ஒரு முறை பார்த்துவிட்டு இந்த வாசலுக்கோ, உலகில் எங்கோ உள்ள என்சைம் ஆய்வகத்துக்கோ எழுதும் கடிதத்தின் முதல் வரி இப்படி இருக்கலாம்: எந்த என்சைம், எவ்வளவு, எத்தனை மணி நேரம் கொடுத்தால், காய்ந்த பின்பும் அந்த நார் முடிச்சில் முறியாமல் வளையும்?